ஐந்து நட்சத்திரக் கழிப்பறை

ஜனவரி 6, திங்கள்

பல வருடங்களுக்கு முன் ஈரோட்டில் நடந்த ஓர் ஆசிரியர் பயிற்சி முகாமில், பயிற்சி கொடுக்க வந்தவர் எங்களிடம் ஒரு கேள்வி கேட்டார். "சுத்தம்னா என்னங்க? ஒரே வரியில சொல்லுங்க பார்க்கலாம்." ஆளாளுக்கு உடல்நலம், கிருமி, ஒழுக்கம் என்று சொன்னார்கள். நான் எழுந்து, "பார்க்க வர்றவங்க கண்ணுல அழுக்குப் படாம இருக்கறதுங்க" என்றேன். கூடமே கைதட்டியது. எனக்கு எவர்சில்வர் டிபன் பாக்ஸ் ஒன்று பரிசாகக் கிடைத்தது. இன்றைக்கும் அதில் எலுமிச்சை ஊறுகாய் இருக்கிறது.

அந்தக் கைதட்டல் கொடுத்த தைரியத்தில்தான் இந்த வேலைக்கு ஒப்புக்கொண்டேன். வெள்ளியம்புதூர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் முப்பத்து நான்கு வருடம் பாடம் நடத்தி, ஐந்து வருடம் முன் ஓய்வு பெற்றவள் நான். அப்போது எனக்கு உதவி ஆசிரியையாக இருந்து, பிறகு வேறு பள்ளிக்கு மாறிப்போன இந்திராணி இப்போது இங்கே தலைமை ஆசிரியை. நகரத்து அறக்கட்டளை ஒன்று 'பளிங்குப் பள்ளி' என்று விருது வைத்திருக்கிறதாம். குழு வந்து பார்த்துவிட்டு நட்சத்திரம் கொடுக்கும். அதைப் பள்ளி வாசல் வளைவில் வரைந்துகொள்ளலாம். பக்கத்து ஊர்ப் பள்ளி நான்கு நட்சத்திரத்தோடு நிற்கிறது. நமக்கு ஐந்து வேண்டும் என்கிறாள் இந்திராணி.

விருதுக்கு ஒரு விதி உண்டு. ஊர்க்காரர் ஒருவர் 'சுகாதாரத் தூதர்' ஆக இருந்து, நடப்பதை எல்லாம் நாட்குறிப்பாக எழுத வேண்டும். குழு அதைப் படிக்கும். ஆகவே என் சேலையில் ஒரு பேட்ஜைக் குத்தினாள். இந்த நோட்டைக் கொடுத்தாள். பிறகு பீரோவைத் திறந்து, பிள்ளைகள் கழிப்பறையின் சாவியையும் என் கையில் வைத்தாள்.

கழிப்பறை கட்டி ஒன்றரை வருடம் ஆகிறது. யாரோ புண்ணியவான் நன்கொடையாகக் கட்டிக் கொடுத்தது. கம்பிக் கதவுக்கு வெளியே நின்று எட்டிப் பார்த்தேன். மஞ்சள் டைல்ஸ், நீலக் கதவுகள், சுவரில் சிரிக்கும் டால்பின். ஒரு கீறல் இல்லை, ஒரு கறை இல்லை. இத்தனை பிள்ளைகள் இருக்கும் பள்ளியில் எப்படி இவ்வளவு சுத்தம் என்று கேட்டேன்.

"பூட்டித்தான் வெச்சிருக்கேனுங்க்கா" என்றாள் இந்திராணி.

நிர்வாகம் என்றால் இப்படி அல்லவா இருக்க வேண்டும்.

ஜனவரி 7, செவ்வாய்

கை கழுவும் பயிற்சி தொடங்கியது. முற்றத்தில் பளபளவென்று பத்து குழாய்கள். மோட்டார் தீபாவளிக்கே புகைந்துவிட்டது. ஊராட்சித் தண்ணீர் மூன்று நாளுக்கு ஒரு தரம் வருகிறது, அது சத்துணவுக்கே சரியாகப் போகிறது. அதற்காகப் பயிற்சியை நிறுத்த முடியுமா? உதாரணத்துக்கு, டிரைவிங் ஸ்கூலில் முதல் நாளே வண்டியை நெடுஞ்சாலையில் விட்டுவிடுவார்களா? அது போலத்தான். தண்ணீர் இல்லாமலே ஏழு படிகளையும் சொல்லிக் கொடுத்தேன். உள்ளங்கை, புறங்கை, விரல் இடுக்கு, விரல் முட்டி, கட்டைவிரல், நகநுனி, மணிக்கட்டு.

சோப்பு எங்கே என்று ஒரு பிள்ளை கேட்டது. கையில் இருப்பதாக நினைத்துக்கொள் கண்ணு என்றேன். நினைத்துக்கொண்டது.

மூன்று விதிகள் வைத்திருக்கிறேன். குழாயைத் தொடக் கூடாது. தொட்டி மேல் சாயக் கூடாது. தரையை ஈரமாக்கக் கூடாது.

நான்காம் வகுப்பு கனிஷ்கா முதல் நாளே ஏழு படிகளையும் பிடித்துக்கொண்டாள். மடித்துக் கட்டிய இரட்டைச் சடை, ஒல்லியான பெண். அவளையே முன்னால் நிற்கவைத்து மற்றவர்களைப் பார்த்துச் செய்யச் சொன்னேன். அவளுடைய அம்மா சுகுணாவும் என்னிடம் படித்தவள்தான். இப்போது தேங்காய்க் களத்தில் காய் உடைக்கப் போகிறாள்.

ஜனவரி 8, புதன்

மொத்தம் எழுபத்திரண்டு பிள்ளைகள். எழுநூற்றுப் பதினெட்டு நகங்கள் வெட்டினேன். மீதி இரண்டைத் தர மாட்டேன் என்று முதல் வகுப்புப் பொடியன் ஒருவன் ஓடிவிட்டான்.

ஜனவரி 10, வெள்ளி

பள்ளிக்குப் பின்னால் வேலிக்காத்தான் புதர் மண்டிக் கிடந்தது. குழு பின்பக்கமாகச் சுற்றி வந்தால் என்ன நினைப்பார்கள்? பிள்ளைகள் அங்கேதான் ஒதுங்குகிறார்கள் என்று போர்டு எழுதி மாட்டியது போல, பாதையே விழுந்து கிடந்தது. இதை முதலில் கவனித்தது நான்தான். இந்திராணியிடம் சொன்னேன், அவள் ஊராட்சித் தலைவரிடம் சொன்னாள், இன்று ஜேசிபி வந்து இரண்டு மணி நேரத்தில் வழித்துத் தள்ளிவிட்டது. இப்போது அந்தப் பக்கம் தார்ச்சாலை வரை தெளிவாகத் தெரிகிறது. தார்ச்சாலையிலிருந்து இந்தப் பக்கமும் அப்படியே.

பையன்கள் பாலத்துக்கு அடியில் ஓடிவிடுகிறார்கள். அது தெரிந்ததுதான். பெண் பிள்ளைகள் நான்கைந்து பேர் வந்து, இனி எங்கே போவது என்று கேட்டார்கள். காலையில் வீட்டிலேயே போய்விட்டு வர வேண்டும், அதுதான் நல்ல பழக்கம் என்று விளக்கினேன். எட்டரைக்கு வந்து நாலரைக்குப் போகிறார்கள். மனதை ஒருமுகப்படுத்தினால் முடியாததா? சென்னை வரை போகும் பஸ் டிரைவரை உதாரணமாகச் சொன்னேன். ஒரே உட்காரலில் எவ்வளவு தூரம் போகிறார், பாருங்கள்.

சத்துணவு சமையல்காரி பழனாத்தாள் அரிசி களைந்துகொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். "பஸ்ஸு டிரைவரு ஆம்பளைங்க டீச்சர்" என்றாள். அவளுக்கு எதிலும் குறுக்கே பேசித்தான் பழக்கம்.

ஆசிரியர்களுக்கு அலுவலக அறையை ஒட்டித் தனிக் கழிப்பறை இருக்கிறது. டிரம்மில் தண்ணீர் நிரப்பி வைத்திருப்பார்கள். அதற்குப் பூட்டுக் கிடையாது. இதை எதற்காக இங்கே எழுதினேன் என்று தெரியவில்லை.

ஜனவரி 20, திங்கள்

பொங்கல் விடுமுறை முடிந்தது. இன்று 'தண்ணீர் மணி' தொடங்கினோம். பதினொன்றுக்கும் இரண்டுக்கும் மணி அடித்தால் பிள்ளைகள் பாட்டிலைத் தூக்கித் தண்ணீர் குடிக்க வேண்டும். நான் பெயர்ப்பட்டியலில் டிக் போடுகிறேன். எழுபது பாட்டில்கள் ஒரே நேரத்தில் உயரும்போது பட்டாளத்து அணிவகுப்பு போல இருக்கிறது. கனிஷ்காவின் பாட்டில்தான் எல்லோருக்கும் முன்னால் உயர்கிறது. மிக நன்று என்று குறித்தேன்.

ஜனவரி 22, புதன்

பழனாத்தாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, அந்தப் பிள்ளை மூடியைத் திறக்காமலே பாட்டிலைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது என்றாள். நம்பவில்லை. இரண்டு மணிக்கு அவள் பக்கத்தில் போய் நின்று பார்த்தேன். தொண்டைகூட ஏறி இறங்குகிறது, அவ்வளவு தத்ரூபம். மூடி மட்டும் மூடியபடி இருக்கிறது. அவள் மட்டுமல்ல, நான்கு, ஐந்தாம் வகுப்புப் பெண் பிள்ளைகளில் பாதிப் பேர் அப்படித்தான். சாயங்காலம் பாட்டில்களைக் கையில் வாங்கிப் பார்த்தேன். வீட்டிலிருந்து வந்த கனத்தோடு அப்படியே திரும்பிப் போகின்றன.

கனிஷ்காவைக் கேட்டேன். தரையைப் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள். "குடிச்சா வருமுங்க டீச்சர்."

தண்ணீரின் அவசியத்தை உதாரணத்தோடு விளக்கினேன். செடிக்குத் தண்ணீர் ஊற்றாவிட்டால் என்ன ஆகும்? வாடிவிடும் அல்லவா? அவள் தலையாட்டினாள். பின்னால் நின்ற இன்னொருத்தி, "செடிக்கு ஒண்ணுக்கு வராதுங்களே டீச்சர்" என்றாள்.

அறிவியல்படி அது சரிதான். அவளுக்கும் டிக் போட்டேன்.

ஜனவரி 24, வெள்ளி

கனிஷ்காவுக்கு அடிவயிறு வலி. மேசையில் தலையை வைத்துப் படுத்திருந்தாள். சீரகத் தண்ணீர் கொதிக்கவைத்து, ஆற்றி எடுத்துக்கொண்டு போனேன். ஒரு வாய்கூடக் குடிக்க மாட்டேன் என்றாள். பிடிவாதம். சுகுணாவும் சின்ன வயதில் இப்படித்தான்.

ஜனவரி 26, ஞாயிறு

குடியரசு தினம். கொடியேற்றிய பிறகு ஊராட்சித் தலைவர் முன்னால் கை கழுவும் செயல்விளக்கம். மேடையில் பன்னிரண்டு பேர், நடுவில் கனிஷ்கா. நான் மைக்கில் ஒவ்வொரு படியாகச் சொன்னேன். நான்கு படிகள் அருமையாகப் போயின. கட்டைவிரல் என்று சொன்னபோது கனிஷ்கா கையைக் கீழே போட்டாள். முழங்கால் இரண்டையும் சேர்த்துக்கொண்டு ஒரு கணம் நின்றாள். பிறகு மேடையிலிருந்து குதித்து ஓடிவிட்டாள்.

அவள் நின்ற இடத்தில் பலகை ஈரமாக இருந்தது.

யாரோ தண்ணீர் பாட்டிலைக் கொட்டிவிட்டார்கள் என்று மைக்கில் சொல்லிச் சமாளித்தேன். நல்ல வேளையாகத் தோன்றியது. ஆறாம் படியும் ஏழாம் படியும் அவள் இல்லாமலே நடந்தன. தலைவர் லட்டு கொடுத்தார்.

ஜனவரி 28, செவ்வாய்

நேற்றும் இன்றும் கனிஷ்கா வரவில்லை. முன்னால் நிற்க இன்னொருத்தியைப் பழக்க வேண்டும்.

இந்த நோட்டை இப்படியே குழுவிடம் கொடுக்க முடியாது என்று இந்திராணி புரட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள். அழகான பிரதி ஒன்று தனியாக எழுதிக் கொடுத்தேன். ஒன்றரைப் பக்கம் வந்தது. இது என்னிடமே இருக்கட்டும்.

ஜனவரி 30, வியாழன்

சாயங்காலம் சுகுணா என் வீட்டுக்கு வந்தாள். களத்திலிருந்து நேராக வந்திருக்கிறாள், முடியெல்லாம் தேங்காய் நார். உட்காரச் சொன்னேன். நின்றுகொண்டே பேசினாள்.

கனிஷ்காவுக்கு நான்கு நாளாகக் காய்ச்சல், நடுக்கம். பெரியாஸ்பத்திரியில் சிறுநீரில் கிருமி என்று சொல்லி ஊசி போட்டிருக்கிறார்கள். தீபாவளிக்கு முன்னால் ஒரு தடவை வந்திருக்கிறது. இது இரண்டாம் தடவை. இப்படியே அடக்கிக்கொண்டிருந்தால் சிறுநீரகத்தில் ஏறிவிடும் என்று டாக்டரம்மா கோபப்பட்டிருக்கிறார். பிள்ளையைத் தண்ணீர் குடிக்கவைக்கத் தெரியாத நீயெல்லாம் ஒரு தாயா என்று கேட்டாராம்.

"நான் எங்கீங்க போயி குடிக்க வெக்கறது? எட்டு மணி நேரம் உங்ககிட்டத்தானுங்க இருக்கறா" என்றாள் சுகுணா. குரலை உயர்த்தவில்லை. "அதான் டீச்சர், இனிமே பள்ளிக்கொடத்துக்கு அனுப்பறதா இல்லீங்க. என்ற கூடவே களத்துக்கு வரட்டும். அங்கயாச்சும் மட்டைக் குமிக்குப் பின்னால ஒரு மறைவு இருக்குதுங்க."

நான்காம் வகுப்பில் படிப்பை நிறுத்துவதா என்று பதறினேன். அவளுடைய கையெழுத்தைப் பற்றிச் சொன்னேன், பெருக்கல் வாய்ப்பாட்டைப் பற்றிச் சொன்னேன். படிப்பு ஒரு விளக்கு என்று உதாரணம் சொல்லப் போனேன். அவள் நடுவில் கேட்டாள்.

"அந்தப் புதுக் கக்கூஸுச் சாவி யாருகிட்டங்க இருக்குது?"

காப்பிக்குச் சர்க்கரை போதுமா என்று கேட்டேன். போதும் என்றாள். சாவி என் இடுப்பில்தான் இருந்தது.

புறப்படும்போது வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, எங்கள் காலத்தில் கழிப்பறைக் கட்டிடம் இல்லை, அதனால் யாரையும் குறை சொல்லத் தோன்றவில்லை என்றாள். இப்போது கட்டிடம் இருக்கிறதே என்று அவள் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்கும் பதிலுக்கு ஏதாவது சொல்ல வாய்த்திருக்கும்.

ஜனவரி 31, வெள்ளி

இந்திராணியிடம் போய், திறந்து விட்டுவிடலாமே என்றேன். அவள் வருகைப் பதிவேட்டை மூடி வைத்தாள். அவள் கெட்டவள் அல்ல. தன் வீட்டிலிருந்து இட்லி கொண்டு வந்து பசித்த பிள்ளைக்குக் கொடுப்பவள்தான். துப்புரவுப் பணியாளர் வேலையை விட்டுப் போய்ப் பதினொரு மாதம் ஆகிறது. வேறு ஆளைப் போடச் சொல்லி ஆறு கடிதம் எழுதிவிட்டாள். தண்ணீரும் இல்லை. ஒரு நாள் திறந்தால் போதும், மறுநாள் மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் பள்ளிக்குள் வர வேண்டும்.

"அப்புறம் யாருங்க்கா கழுவறது? நீங்களா, நானா?" என்றாள். "இதுக்கு முன்னால இருந்த பள்ளிக்கொடத்துல தெறந்துதான் வெச்சிருந்தேன். நாறுதுன்னு மெமோ குடுத்தாங்க. இங்க பூட்டி வெச்சிருக்கறேன், அவார்டு குடுக்க வர்றாங்க. இப்ப நீங்களே சொல்லுங்க, நான் எதைப் பண்ணட்டும்?"

என்னிடம் இதற்கு உதாரணம் இல்லை. குழு வந்து போகட்டும், பிறகு பார்க்கலாம் என்று இருவரும் முடிவு செய்தோம். சாவியை மறுபடி இடுப்பில் சொருகிக்கொண்டேன்.

பிப்ரவரி 6, வியாழன்

குழு வந்தது. மூன்று பேர், ஒரு கேமரா.

மோட்டாரை நேற்றுத்தான் சரிசெய்து கொண்டுவந்தார்கள். தரை ஈரமாகிவிடும் என்று நேற்று ஓட்டிப் பார்க்கவில்லை. ஆகவே ஒரு மாதப் பயிற்சிக்குப் பிறகு எங்கள் பிள்ளைகள் இன்றுதான் முதன்முதலாகத் தண்ணீரைச் சந்தித்தார்கள். பத்துப் பிள்ளைகளைக் குழாய்களுக்கு எதிரே நிறுத்தினேன். இந்திராணி ஒவ்வொரு குழாயாகத் திறந்துகொண்டே போனாள். தண்ணீர் கொட்டியது. நான் "உள்ளங்கை" என்றேன்.

பத்துப் பேரும் ஒரு முழம் தள்ளி நின்று, காற்றில் உள்ளங்கையைத் தேய்த்தார்கள். புறங்கையைத் தேய்த்தார்கள். விரல் இடுக்குகளை, முட்டிகளை, கட்டைவிரலைத் தேய்த்தார்கள். ஒருவர் விரல்கூடத் தண்ணீரில் படவில்லை. மணிக்கட்டு முடிந்ததும் காய்ந்த கைகளை ஒரே நேரத்தில் உதறினார்கள். எல்லோரும் கைகளைத் தூக்கிக் காட்டினார்கள். தண்ணீர் பாட்டுக்குத் தன் வழியில் சாக்கடைக்குப் போய்க்கொண்டிருந்தது.

குழுவின் தலைவர் கைதட்டினார். தண்ணீரை வீணாக்காமல் எவ்வளவு பொறுப்பு என்றார். கேமராக்காரர் இன்னொரு தரம் செய்யச் சொன்னார். செய்தார்கள்.

பிறகு கழிப்பறை. நான்தான் திறந்தேன். வாசலிலேயே நின்று மூன்று பேரும் எட்டிப் பார்த்தார்கள். கேமராக்காரர் டால்பினைப் படம் எடுத்தார். "பிள்ளைங்க யூஸ் பண்ணியும் இவ்வளவு நீட்டா இருக்கே" என்றார் தலைவர். நல்ல முறையில் பழக்கியிருக்கிறோம் என்று இந்திராணி சொன்னாள். அவர் என் பக்கம் திரும்பி, தூதர் என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டார்.

"ஆமாங்க" என்றேன்.

ஐந்து நட்சத்திரம்.

பிப்ரவரி 7, வெள்ளி

செய்தியைச் சொல்லத் தேங்காய்க் களத்துக்கே போனேன். வெயிலில் ஏக்கர் கணக்கில் தேங்காய் மூடிகள் வாய் பிளந்து காய்ந்துகொண்டிருந்தன. கனிஷ்கா தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு மூடிகளைப் புரட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று வணக்கம் சொன்னாள். காய்ச்சல் விட்டு முகம் தெளிந்திருந்தது. அவளுக்குப் பக்கத்தில் அரைக் குடம் தண்ணீர். நான் பார்க்கும்போதே இரண்டு டம்ளர் மொண்டு குடித்தாள். மூடி இல்லாத குடம்.

நம் பள்ளிக்கு ஐந்து நட்சத்திரம் கிடைத்துவிட்டது என்றேன். சுகுணா அரிவாளை நிறுத்தாமல், சந்தோஷம் என்றாள். இனி எல்லாம் சரியாகிவிடும், திங்கட்கிழமை அனுப்பு என்றேன்.

"கதவு தெறந்தாச்சுங்களா?"

திறந்துதானே குழுவுக்குக் காட்டினோம் என்றேன்.

அவள் சிரித்தாள். என்னிடம் ஐந்து வருடம் படித்தவள். நான் எப்போது சுற்றி வளைப்பேன் என்று அவளுக்குத் தெரியும். "நீங்க ஒரு நா உள்ள போயிட்டு வாங்க டீச்சர். வந்து சொல்லுங்க. அப்பறம் அனுப்பறேன்" என்றாள்.

பிப்ரவரி 8, சனி

பள்ளிக்கு விடுமுறை. வீட்டிலேயே இரண்டு சொம்பு தண்ணீர் குடித்துவிட்டு, பதினோரு மணிக்குக் கம்பிக் கதவைத் திறந்துகொண்டு உள்ளே போனேன். முப்பத்து நான்கு வருடத்திலும், ஓய்வுக்குப் பிறகு இந்த ஒரு மாதத்திலும், பிள்ளைகள் கழிப்பறைக்குள் நான் கால் வைத்தது இதுவே முதல் தடவை.

முதல் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். தாழ்ப்பாளைத் தேடினேன். இல்லை. இரண்டாம் அறையிலும் இல்லை. நான்கு அறைகளிலும் தாழ்ப்பாளை வெளிப்பக்கத்தில் வைத்திருக்கிறார்கள். உள்ளே இருப்பவரைப் பூட்டலாம், உள்ளே இருப்பவர் பூட்டிக்கொள்ள முடியாது. சிறைக்குக் கதவு செய்கிற ஆசாரியாக இருக்கும்.

ஒரு கையால் கதவை இழுத்துப் பிடித்துக்கொண்டு, அறுபத்து மூன்று வயதில் எப்படியோ சமாளித்தேன். பிறகு குழாயைத் திருகினேன். பளபளவென்று இருந்தது, சுலபமாகத் திருகியது, தண்ணீர் வரவில்லை. வெளியே போய்ச் சுவரின் பின்பக்கத்தைப் பார்த்தேன். குழாய்க்குப் பின்னால் எதுவும் இல்லை. தொட்டிக்கும் இந்தச் சுவருக்கும் நடுவே பைப்பே போடவில்லை. நான்கு குழாய்களையும் நேராகச் சுவரில் பதித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். ஒன்றரை வருடமாக அதை ஒருவரும் திருகிப் பார்க்கவில்லை. குழுவும் பார்க்கவில்லை. மாதம் முழுக்கச் சாவி வைத்திருந்த தூதரும் பார்க்கவில்லை.

நடந்தே வீட்டுக்கு வந்தேன்.

பிப்ரவரி 12, புதன்

பழனாத்தாளின் மருமகன் பிளம்பர். பைப் போட்டுவிட்டார். தாழ்ப்பாள்களைக் கழற்றி உள்பக்கம் மாற்றச் சொன்னேன். வழக்கமான உயரத்தில் வைக்கப் போனார். இரண்டாம் வகுப்புப் பிள்ளை ஒன்றை நிற்கவைத்து, அது கையை நீட்டிய இடத்தில் வைக்கச் சொன்னேன். வெளிக்கதவுப் பூட்டைப் பக்கத்துக் கிணற்றில் போட்டேன். சாவியையும் சேர்த்துத்தான். இந்திராணி பார்த்துக்கொண்டே இருந்தாள். ஆள் கிடைக்கும் வரை யார் கழுவுவது என்று மறுபடி கேட்டாள். காலையில் நான், சாயங்காலம் நீ என்றேன். "கொழுப்புங்க்கா உங்களுக்கு" என்றாள். சாயங்காலம் சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு விளக்குமாற்றோடு வந்தாள்.

திறந்ததும் பிள்ளைகள் பாய்ந்து ஓடுவார்கள் என்று நினைத்தேன். ஒருவரும் உள்ளே போகவில்லை. பெண் பிள்ளைகள் செருப்பை வெளியே வரிசையாகக் கழற்றிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு எட்டிப் பார்த்தார்கள். ஒருத்தி டால்பினைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

பிப்ரவரி 14, வெள்ளி

இன்று உள்ளே போனார்கள். நாற்றம் சொல்லி மாளாது. இரண்டு பாட்டில் பினாயில் தீர்ந்தது.

பிப்ரவரி 17, திங்கள்

நேற்று சுகுணாவிடம் போய்ச் சொன்னேன். தாழ்ப்பாளைப் பற்றிச் சொன்னேன், குழாயைப் பற்றிச் சொன்னேன். சாவி என்னிடம்தான் இருந்தது என்பதையும் சொன்னேன். அது தெரியும் என்றாள்.

இன்று காலையில் மகளோடு வந்தாள். வகுப்புக்குப் போகாமல் நேராகக் கழிப்பறைக்குப் போனாள். கனிஷ்காவை வெளியே நிறுத்திவிட்டு உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டாள். வெகு நேரம் கழித்துத் தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. வெளியே வந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல், "நாலரைக்கு வந்து கூட்டிக்கறேன்" என்று மகளிடம் சொல்லிவிட்டுப் போனாள்.

கனிஷ்கா இன்று தண்ணீர் குடிக்கவில்லை. நாளைக்கும் குடிக்க மாட்டாள் என்று நினைக்கிறேன்.

பிப்ரவரி 20, வியாழன்

முந்தாநாள் அறக்கட்டளையிலிருந்து முன்னறிவிப்பு இல்லாமல் ஒருவர் வந்தார். கழிப்பறைத் தரை ஈரம் என்று எழுதினார். வாடை என்று எழுதினார். டால்பின் மேல் யாரோ கரியால் மீசை வரைந்திருந்தார்கள், அதையும் எழுதினார். ஒரு மாதத்துக்குள் பராமரிப்பு இவ்வளவு சீர்கெட்டது வருத்தம் தருகிறது என்று சொல்லி மூன்று நட்சத்திரங்களைக் குறைத்துவிட்டார்.

பெயிண்டர் ஏணி வைத்து ஏறி, மூன்றின் மேல் வெள்ளை அடித்தார். பக்கத்து ஊர்ப் பள்ளி இப்போது நம்மைவிட இரண்டு அதிகம். இந்திராணி இரண்டு நாளாக என்னோடு பேசவில்லை. ஆனால் சாயங்கால முறைக்கு மட்டும் தவறாமல் வருகிறாள்.

பிப்ரவரி 25, செவ்வாய்

நான்காம் வகுப்புக்கும் இந்திராணிதான் பாடம் எடுக்கிறாள். வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன். வகுத்தல் கணக்கின் நடுவே கனிஷ்கா எழுந்து, சுண்டுவிரலைத் தூக்கிக் காட்டினாள்.

"இப்பத்தானடி போன? காலையில இருந்து மூணாவது தடவை" என்றாள் இந்திராணி. "தண்ணியவே குடிச்சுட்டு இருப்பியா?"

"வருதுங்க டீச்சர்."

"போ. போய்த் தொலை."

கனிஷ்கா என்னைத் தாண்டி ஓடினாள். இந்திராணி வாசல் வரை வந்து, இந்தப் பிள்ளைகள் பாடமே நடத்த விட மாட்டேன் என்கிறார்கள் என்று என்னிடம் சலித்துக்கொண்டாள். அவள் முகத்தில் கோபம் இல்லை. நான் அந்தப் பக்கம் திரும்பி மூக்கைச் சிந்திக்கொண்டேன்.

இந்த நோட்டில் இன்னும் பக்கங்கள் இருக்கின்றன. எழுத வேறு ஒன்றும் இல்லை. எப்போதாவது யார் கைக்காவது கிடைத்தால், கடைசியாக ஒரு வீட்டுப்பாடம். அடுத்த முறை உங்கள் பிள்ளையின் பள்ளிக்குப் போகும்போது மதிப்பெண் அட்டையைப் பிறகு வாங்கிக்கொள்ளலாம். ஆசிரியர்களுடையது வேண்டாம், பிள்ளைகள் கழிப்பறை எங்கே என்று கேட்டு, உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டு, இருந்துவிட்டு வாருங்கள்.